பின்வீட்டுக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர்: தெருக்களின் இணைப்பும் நகரப் பரவலும்

இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டின் கொல்லைப்புறமும் ஒரே மதிலில் முட்டுகிறது. இந்த வீட்டுச் சிறுவன் அடித்த பந்து மதிலைத் தாண்டி அந்த வீட்டுத் தோட்டத்தில் போய் விழுகிறது. தூரம் 20 மீட்டர். அதை வாசல் வழியாகப் போய் எடுத்து வர வேண்டுமென்றால், சிறுவன் தன் தெருவின் முனைவரை நடந்து, குடியிருப்பின் ஒரே நுழைவாயிலைக் கடந்து, பிரதான சாலையில் திரும்பி, அடுத்த குடியிருப்பின் நுழைவாயிலைத் தேடி, அதன் வளைந்த தெருக்களைச் சுற்றி வர வேண்டும். அது ஒன்றரைக் கிலோமீட்டர். நேர்த்தூரத்தைப்போல் 75 மடங்கு. சிறுவன் மதிலேறிக் குதித்துவிடுவான். அவன் பாட்டி காரை எடுக்கச் சொல்வாள்.

இந்த இரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று எட்டாமல் போனது தூரத்தால் அல்ல, தெருக்களால். நகரங்கள் வளரும்போது இது எப்படி நடக்கிறது, இதை எப்படி அளக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நகரப் பரவல் என்றதும் பரப்பளவுதான் நினைவுக்கு வரும். மக்கள்தொகை கூடுவதைவிட வேகமாக நிலத்தை விழுங்கிக்கொண்டு, விளிம்புகளில் நெருக்கம் குறைந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிப் போகும் வளர்ச்சி அது. அந்தப் பொருள் சரிதான். ஆனால் பரவலுக்கு இன்னொரு முகம் உண்டு: புதிதாகப் போடப்படும் தெருக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னப்படுகின்றன என்பது. இரண்டில் இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தால் பின்னாளில் இடையில் வீடு கட்டலாம், மாடி எழுப்பலாம். தெரு மூடிக் கிடந்தால் அதைத் திறக்க யாருடைய வீட்டையாவது இடிக்க வேண்டும்.

முச்சந்தியும் நாற்சந்தியும்

தெருக்களின் இணைப்பை அளக்கத் தேவையான சொற்கள் தமிழில் முன்பே இருக்கின்றன. ஒரு வழி மட்டும் வந்து முடியும் இடம் முட்டுச்சந்து. மூன்று வழி கூடினால் முச்சந்தி. நான்கு கூடினால் நாற்சந்தி. இரண்டு வழி கூடும் இடத்துக்கு மட்டும் பெயர் இல்லை. ஏனென்றால் அது சந்திப்பே அல்ல, வெறும் திருப்பம். அங்கே போகிறவர் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், தெருப் பின்னலை ஆராய்கிறவர்களும் வரைபடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் கூடும் புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

ஊரைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பார்க்கும் இந்த வழி பழையது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரே நடையில், எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல், கடந்துவிட முடியுமா என்ற கேள்விக்கு 1736-இல் லியோன்ஹார்ட் ஆய்லர் என்ற கணித மேதை விடை சொன்னார். நிலத்துண்டுகளைப் புள்ளிகளாக்கினார், பாலங்களைக் கோடுகளாக்கினார். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடுகள் கூடுகின்றன என்று எண்ணினார். முடியாது என்று தெரிந்துவிட்டது. தெரு இணைப்பை அளப்பவர்கள் இன்றும் செய்வது அதே எண்ணிக்கையைத்தான். ஒரு பகுதியில் உள்ள எல்லாச் சந்திப்புகளுக்கும் முட்டுச்சந்துகளுக்கும் சராசரியாக எத்தனை வழிகள் என்று பார்ப்பார்கள். எல்லாமே நாற்சந்தியாக இருந்தால் 4. முட்டுச்சந்துகள் பெருகப் பெருக அந்த எண் இறங்கிக்கொண்டே வரும்.

ஒரு தாளை எடுத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். வரிசைக்கு மூன்றாக ஒன்பது சந்திப்புகளைக் குறியுங்கள். பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக இணைத்தால் பன்னிரண்டு தெருத்துண்டுகள் கிடைக்கும். (ஓரங்களில் தெருக்கள் வெளியே தொடர்கின்றன என்று கொள்ளுங்கள்; அவற்றை இப்போது எண்ண வேண்டாம்.) ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக நான்கு துண்டுகளைக் கடக்க வேண்டும். அந்த நான்கைக் கடக்க ஆறு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன, ஆறும் ஒரே நீளம். ஒன்றில் குழி தோண்டியிருந்தால் இன்னொன்றில் போய்விடலாம்.

இப்போது துண்டுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வாருங்கள். எந்தப் புள்ளியிலிருந்தும் மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் போக ஒரு வழியாவது மிஞ்ச வேண்டும், அது ஒன்றுதான் விதி. நான்கு துண்டுகளை அழித்ததும் நின்றுவிட வேண்டியிருக்கும். மிஞ்சுவது எட்டு. இனி எதைத் தொட்டாலும் ஊர் இரண்டாகப் பிளந்துவிடும். இந்த வடிவத்தை மரம் என்பார்கள். அடிமரம், கிளை, சிறுகிளை, நுனி. மரத்தில் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குப் போகச் சரியாக ஒரே ஒரு பாதைதான் உண்டு. பல சமயம் அது அடிமரம்வரை இறங்கி ஏறும் பாதை. பந்தைத் தேடிப் போன சிறுவன் மாட்டிக்கொண்டது இதில்தான்.

தெருத்துண்டுகளின் எண்ணிக்கையைச் சந்திப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இன்னொரு எளிய அளவு கிடைக்கிறது. நமது முதல் படத்தில் பன்னிரண்டுக்கு ஒன்பது, அதாவது 1.33. மரத்தில் எட்டுக்கு ஒன்பது, ஒன்றுக்கும் கீழே. எல்லாத் திசைகளிலும் நீண்டு போகும் முழுமையான கட்டத்தில் இது 2-ஐ நெருங்கும்.

மூன்றாவது அளவு சுற்றுவிகிதம்: நடக்க வேண்டிய தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுப்பது. சதுரக் கட்டத் தெருக்களில் எவ்வளவு மோசமான திசையில் போனாலும், மூலைவிட்டமாகவே போக நேர்ந்தாலும், இது ஏறத்தாழ 1.41-ஐத் தாண்டாது, எல்லாத் திசைகளையும் சேர்த்த சராசரி 1.27. முதலில் சொன்ன 75 மடங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பொதுவான தவறான புரிதலை இங்கேயே களைந்துவிடலாம். இணைப்பு வேறு, நேர்த்தி வேறு. தெருக்கள் எந்தத் திசைகளில் ஓடுகின்றன என்று உலகின் நூறு நகரங்களை ஆராய்ந்தவர் ஜெஃப் போயிங். அந்தக் கணக்கில் ஒற்றைக் கட்டத்துக்கு மிக நெருங்கிய நகரம் சிகாகோ. எல்லாத் திசைகளிலும் சிதறி ஓடும் தெருக்களைக் கொண்டவற்றில் அமெரிக்காவின் சார்லட்டும் இத்தாலியின் ரோமும் அடக்கம். ஆனால் ரோமின் பழைய நகரத்தில் நடந்தால் நான்கு அடிக்கு ஒரு சந்து, சந்துக்குள் இன்னொரு சந்து. எங்கே திரும்பினாலும் எங்காவது போய்ச் சேரலாம். கோணல்மாணலாக இருந்தாலும் அது பின்னப்பட்ட நகரம். சார்லட்டின் புறநகர்க் கோணல் அப்படிப்பட்டதல்ல.

அதேபோல், கட்டமாக இருந்தால் மட்டும் போதாது, கட்டம் எவ்வளவு பெரிது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர மையத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 200 அடி, அதாவது 61 மீட்டர். சால்ட் லேக் சிட்டியில் 660 அடி, ஏறத்தாழ 200 மீட்டர். இரண்டும் சீரான கட்டங்களே. தெருக்களின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் போர்ட்லாண்ட் அளவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் 140 முதல் 160 சந்திப்புகள் அடங்கும். சால்ட் லேக் அளவில் 17. நடந்து போகிறவருக்கு இது இரண்டு வேறு உலகங்கள். ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிடாட், ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் நீளத் தெருக்கள் வேண்டும் என்று பரிந்துரைப்பது இதனால்தான்.

மரம் எப்போது முளைத்தது

காலால் நடந்த காலத்தில் தெருவை மூடி வைப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. 1811-இல் மன்ஹாட்டன் தீவுக்கு வரைந்த திட்டத்தில் நெடுக்காக 12 அகன்ற சாலைகள், குறுக்காக 155 தெருக்கள். அப்போது அந்தத் தீவின் பெரும்பகுதி பண்ணையும் பாறையும்தான். 1859-இல் பார்சிலோனாவின் விரிவாக்கத்தை வரைந்த இல்டெஃபோன்ஸ் செர்தா, ஏறத்தாழ 113 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையையும் சாய்வாக வெட்டினார். வண்டிகள் திரும்பவும் வெளிச்சம் விழவும் இடம் கிடைத்தது. இரண்டு இடங்களிலும் வீடுகள் வருவதற்கு முன்பே தெருக்கள் தாளில் வந்துவிட்டன. டிராம் வந்து புறநகர்கள் நீண்டபோதும் தெருக்கள் இணைந்தே இருந்தன. டிராம் நிறுத்தம்வரை நடக்க வேண்டும் அல்லவா?

கார் வந்ததும் கணக்கு மாறியது. 1929-இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பை கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். கார்கள் முட்டுச்சந்துகளுக்குள் வந்து நிற்கும். வீடுகளின் மறுபக்கம் பூங்கா, அதனூடே நடைபாதைகள், சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை. குழந்தை ஒரு சாலையையும் மிதிக்காமல் பள்ளிக்குப் போய்விடலாம். கார்களுக்கு மரம், கால்களுக்கு வலை என்ற அந்த யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வந்தவர்கள் செய்ததுதான் வேடிக்கை. முட்டுச்சந்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள்; நடைபாதையைச் செலவு என்று விட்டுவிட்டார்கள்.

அரசும் ஒரு கை கொடுத்தது. வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தர 1934-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், 1936-இல் மனைப்பிரிவுகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. கட்டத் தெருக்கள் வேண்டாம், வளைவுத் தெருக்களும் முட்டுச்சந்துகளும் நல்லது என்பது அதன் சாரம். உத்தரவாதம் இருந்தால்தான் கடன் எளிதாகக் கிடைக்கும். கடன் கிடைத்தால்தான் மனை விற்கும். எனவே யாரும் சட்டம் போட்டுத் தடுக்காமலேயே கட்டத் தெருக்கள் அருகிப்போயின.

இந்த மாற்றத்தைப் பின்னாளில் அளந்து காட்டியவர்கள் கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள். அமெரிக்கத் தெருக்கள் எந்தக் காலத்தில் போடப்பட்டவை என்று பிரித்துப் பார்த்து அவர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, இணைப்பின்மை பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஏறி 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு புதிய தெருக்கள் மெல்ல மீண்டும் பின்னத் தொடங்கின. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களே இந்தக் கணக்கை உலகம் முழுவதற்கும் விரித்தார்கள். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் அதற்குக் கைகொடுத்தது. அமெரிக்கா விட்டுத் திரும்பத் தொடங்கியிருந்த பாதையில் உலகின் பல பகுதிகள் அப்போதுதான் வேகமெடுத்திருந்தன. மதில் சூழ்ந்த குடியிருப்புகள் பெருகிய தென்கிழக்கு ஆசியாவில் இது துலக்கமாகத் தெரிந்தது. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதி, ஜப்பான், தென் கொரியா ஆகியவை பின்னலை விடாமல் வைத்திருந்தன. பணமும் காரும் நிறைய உள்ள ஜப்பான் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். கார் வந்தால் முட்டுச்சந்தும் வந்தே தீரும் என்பது விதியல்ல.

ஒவ்வொருவரும் சரி, மொத்தத்தில் கோளாறு

நகரம் வளரும்போது மரம் ஏன் தானாகவே முளைக்கிறது? நகரின் விளிம்பில் நான்கு வயல்கள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். நடுவே ஒரு நெடுஞ்சாலை. முதல் வயலை வாங்கியவர் மனைகளாகப் பிரிக்கிறார். நெடுஞ்சாலையிலிருந்து ஒரு வாயில், உள்ளே சில தெருக்கள். பக்கத்து வயல்வரை தெருவை நீட்டினால் அந்த முனையில் ஒரு மனையை இழக்க வேண்டும். அந்தப் பக்கம் இன்னும் பயிர்தான் நிற்கிறது. எதற்கு வீண்? இரண்டாம் வயலை ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வாங்குகிறார். முதல் குடியிருப்பின் மதில் ஏற்கெனவே எழும்பிவிட்டது. அவரும் நெடுஞ்சாலையில் ஒரு வாயில் வைக்கிறார். நான்கு வயல்களும் நிரம்பியபோது நான்கு கிளைகள் உள்ள மரம் முடிந்துவிட்டது. யாரும் அதைத் திட்டமிடவில்லை. அவரவர் நிலத்துக்குள் அவரவர் செய்தது சரியாகவே இருந்தது. இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள எல்லைக்கோடு மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

வாங்குகிறவர்களும் இதற்கு உடந்தை. முட்டுச்சந்தில் வீடு என்றால் வெளி வண்டிகள் வராது, சத்தமில்லை, குழந்தைகள் தெருவில் விளையாடலாம். இந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்த வீட்டைத்தான் கேட்பேன். ஆனால் அந்த அமைதிக்கான விலையைக் கட்டுவது அந்தத் தெருவல்ல, பிரதான சாலை. காலை எட்டரை மணிக்கு அந்த நான்கு வாயில்களில் ஒன்றில் நின்று பாருங்கள். அலுவலகம் போகிறவர், பாலுக்குப் போகிறவர், பிள்ளையைப் பக்கத்துக் குடியிருப்பிலுள்ள பள்ளியில் இறக்கிவிடுகிறவர் என எல்லோரும் அதே வாயில் வழியாக, அதே சாலைக்குத்தான் வந்தாக வேண்டும். கட்டத் தெருக்களில் பத்து வழிகளில் பிரிந்திருக்கும் வண்டிகள் ஒரே குழாயில் வந்து கொட்டுகின்றன. நெரிசல் என்று சாலையை அகலப்படுத்துவார்கள். அகலமான சாலையைக் கால்நடையாகக் கடக்க அஞ்சி, எதிர்ப்பக்கம் போகவும் சிலர் காரை எடுப்பார்கள். அந்த கார்களும் அதே சாலைக்கு வந்துவிடும்.

பஸ்ஸுக்கும் இதே தொல்லை. முட்டுச்சந்துக்குள் பஸ் நுழைந்தால் திரும்ப இடமில்லை; வாயிலோடு நின்றுவிடும். வீட்டிலிருந்து நிறுத்தம்வரை நேராக 200 மீட்டர் இருக்கும், தெருவழியே 900 மீட்டர் இருக்கும். தீயணைப்பு வண்டிக்கும் அப்படியே. இணைப்பு நன்றாக உள்ள பகுதியில் இருக்கும் நிலையம் அதே நிமிடங்களுக்குள் அதிக வீடுகளை எட்டிவிடுகிறது என்பதைச் சார்லட் நகரம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது.

இணைப்பைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். ஒரு பின்னலில் புதிதாக ஒரு சாலையைச் சேர்ப்பதாலேயே எல்லோருடைய பயணமும் தாமதமாகக்கூடும் என்று 1968-இல் டீட்ரிச் பிரேஸ் என்ற கணிதவியலாளர் காட்டினார். நிதானமான குடியிருப்புத் தெரு குறுக்குவழி தேடும் வண்டிகளுக்குப் பலியாவதும் உண்மை. அதனால் இணைப்பு வேண்டுமா என்பதைவிட, யாருக்கு இணைப்பு என்று கேட்பது பொருத்தம். நெதர்லாந்தின் ஹௌட்டன் நகரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காரில் போக வட்டச்சாலைக்கு வெளியேறித்தான் திரும்ப வேண்டும். சைக்கிளில் நகரின் நடுவே நேராகப் போய்விடலாம். ராட்பர்னின் மறந்துபோன பாதியை அங்கே ஒரு முழு நகரமாகக் கட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே மூடிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கும் இதுவே மலிவான மருந்து: மதிலில் இரண்டு மீட்டர் திறந்து ஒரு நடைபாதை. பந்தைத் தேடிய சிறுவனுக்கும் பாட்டிக்கும் அது போதும்.

தெருக்கோடு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இரண்டு தீ விபத்துகள் சாட்சி. 1666-இல் லண்டனில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகன்ற நேர்ச்சாலைகளோடு புதிய நகரத்தை வரைந்து அரசரிடம் கொடுத்தார். நகரம் எழும்பியது, பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மேலேயே. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் புதிய திட்டம் தந்தது 1905-இல். அடுத்த ஆண்டே நிலநடுக்கமும் தீயும் நகரத்தைத் துடைத்துப் போட்டன. அங்கும் பழைய தெருக்களே திரும்ப வந்தன. சுவர் எரியும், கூரை எரியும். இது என் மனை, அது உன் மனை என்ற கோடு எரிவதில்லை. பாரிஸில் ஓஸ்மான் என்ற நிர்வாகி 1853 முதல் 1870 வரை அகன்ற சாலைகளை வெட்டித்தான் காட்டினார் என்று யாராவது சொல்லலாம். அவருக்குப் பின்னால் ஒரு பேரரசர் இருந்தார். ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்துத்தான் வெட்டினார்.

ஆகவே இணைப்பைத் தீர்மானிக்கும் தருணம் மிகக் குறுகியது. வயல் மனையாகும் அந்த ஓரிரு ஆண்டுகள்தான். இதை உணர்ந்த சில இடங்களில், பக்கத்து நிலம் காலியாக இருந்தாலும் அதன் எல்லைவரை தெருவைக் கொண்டுவந்து நிறுத்தியே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், மாநிலச் செலவில் பராமரிக்கப்பட வேண்டிய தெரு என்றால் அது சுற்றுப்புறத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்று 2009-இல் நிபந்தனை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில ஆண்டுகளிலேயே அதைத் தளர்த்தியது.

விதி இருக்கும் இடத்திலும் வேலை அத்தோடு முடிவதில்லை. வயலின் விளிம்பில் நிறுத்தப்பட்ட தெரு பார்க்க முட்டுச்சந்து போலவே இருக்கும். பதினைந்து ஆண்டுகள் குழந்தைகள் அதன் முனையில் விளையாடுவார்கள். அப்புறம் ஒரு நாள் பக்கத்து நிலத்தில் வேலை தொடங்கி, தெருவைத் திறக்க ஆட்கள் வரும்போது, அந்தத் தெருக்காரர்கள் திரண்டு நின்று தடுப்பார்கள். இது எப்போதும் முட்டுச்சந்துதானே என்பது அவர்கள் வாதம். இதற்காகவே அமெரிக்காவின் சில ஊர்களில் அத்தகைய தெருவின் முனையில், புல்லுக்கும் தாருக்கும் நடுவே, முதல் நாளே ஒரு பலகையை நட்டுவிடுகிறார்கள்: இந்தத் தெரு பின்னர் நீட்டிக்கப்படும்.